பூஜைக்கு வைத்த லாப்டாப்

லாப்டாப்பின் பொத்தானை அமுக்கிவிட்டு வெங்கிட்டு குளிக்கப் போனார். குளித்து, துவட்டி, விபூதி இட்டு, சந்தியாவந்தனத்தையும் ஒரு வழியாக முடித்துக்கொண்டு வந்து பார்த்தார். திரை கறுப்பாகவே இருந்தது.

"ஏன்னா, வந்துடுத்தா?" என்று சமையலறையிலிருந்து விசாலாக்ஷி கேட்டாள்.

"சத்தம் வந்துடுத்து. படம் வரல்லை."

இது தினப்படி நடப்பதுதான். லாப்டாப் உள்ளுக்குள் விழித்துக்கொண்டுவிடும். விழித்ததற்கு அடையாளமாக 'டிங்' என்று ஒரு மணியும் அடிக்கும். படம் மட்டும் வராது. அது வருவதற்குள் வெங்கிட்டு இரண்டாம் காப்பியும் குடித்து, பேப்பரில் மரண விளம்பரங்கள் வரை படித்து, போனவர்களுக்காக வருத்தப்பட்டும் முடித்துவிடுவார்.

அவர் வேலை பார்த்தது போடிநாயக்கனூரில் ஏலக்காயும் மிளகும் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில். கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்த கிளை ஆபீசை, வாடகை மிச்சம் என்று முதலாளி ஒச்சப்பன் மூடிவிட்டார். வெங்கிட்டு வீட்டிலிருந்தே கொச்சி வேலைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஒரே ஒரு கட்டாயம், தினமும் காலை ஒன்பது மணி மீட்டிங். போடி, குமுளி, கொச்சி மூன்று ஊர் ஆட்களும் அவரவர் திரையில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

அன்றும் வெங்கிட்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னை வரவேற்கிறார்கள் என்று நினைத்து அவரும் கும்பிட்டார். விடைபெறுகிறார்கள் என்பது, ஒவ்வொரு முகமாக மறைந்த பிறகுதான் புரிந்தது.

சற்று நேரத்தில் போடி ஆபீசில் கணக்கு பார்க்கும் ரோஜா போன் செய்தாள்.

"சார், விஷயம் தெரியுமா? முதலாளி மேனேஜர் போடப் போறாராம். விஜயதசமி அன்னைக்கு நல்ல நாளாம். லீவா இருந்தாலும் ஒம்பது மணிக்கு எல்லாரும் வந்திரணும்னு சொல்லிட்டாரு. அவரா யாரையும் போடலையாம். நாமதான் கை தூக்கணும். இனிமே காலை மீட்டிங்கை மேனேஜர்தான் நடத்தணுமாம்."

"யார் யார் பேர் அடிபடறது?"

"உங்க பேரு, அப்புறம் பாண்டித்துரை அண்ணன் பேரு."

பாண்டித்துரை குமுளி கொள்முதல்காரர். ஒன்பது அடிக்கும்போது சட்டையில் மடிப்புக்கூடக் கலையாமல் திரையில் உட்கார்ந்திருப்பார். வயதிலும் சர்வீஸிலும் வெங்கிட்டுவுக்கு இளையவர். வெங்கிட்டுவுக்கு அந்த மேனேஜர் நாற்காலி வேண்டும். வேண்டாதவர்போல் நடிக்கக்கூடத் தெம்பில்லாத அளவுக்கு வேண்டும். தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்காக வாழ்த்துச் சொல்லிச் சொல்லி அவர் அலுத்துப்போயிருந்தார்.

"தினம் டாட்டா காட்டறதுக்கு வரவனுக்கு யார் கை தூக்குவா?" என்று விசாலாக்ஷியிடம் புலம்பினார்.

"அப்போ அதைச் சரி பண்ணுங்கோ. என்கிட்டே சொன்னா? எனக்கு மிக்ஸிதான் சரி பண்ணத் தெரியும்."

வெங்கிட்டு போனில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தார். 'லாப்டாப்பில் சத்தம் வந்து படம் வரத் தாமதமானால் குற்றவாளி கிராபிக்ஸ் டிரைவர்தான்' என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார். படம் காட்டும் சில்லுக்கும் லாப்டாப்புக்கும் நடுவே நின்று இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் சொல்கிற மென்பொருள் அது. அதைத் தூக்கிவிட்டால் புதிதாக ஒன்று தானே வந்து உட்காருமாம்.

வெங்கிட்டு தூக்கினார். புதிதாக எதுவும் வந்து உட்காரவில்லை. லாப்டாப் அதே தாமதத்தில்தான் திறந்தது. திறந்தபோது எழுத்துகளெல்லாம் கல்யாண மண்டப வாசல் போர்டு அளவுக்கு இருந்தன. மறுநாள் மீட்டிங்கின் கடைசியில் அவருக்குக் காணக் கிடைத்தது ஒச்சப்பனின் மீசையில் இடது பாதி மட்டுமே.

"முழுசும் தெரியறதா?" என்று விசாலாக்ஷி கேட்டாள்.

"மீசை தெரியறது. அது கோபமா இருக்கா, சிரிக்கறதான்னு தெரியல்லை."

இனி தானாக எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்து, லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஜார் ரோட்டுக்குப் போனார். அங்கே சுக்குக் கிடங்கு மாடியில் ஹாரூண் சேட்டு கம்ப்யூட்டர் பழுது பார்த்துவந்தார். எந்த லாப்டாப்பையும் திறந்து பார்க்கும் முன்பே 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று சொல்வது சேட்டின் வழக்கம். அதனால் வந்தவர்களுக்கு உடனடியாக நிம்மதி கிடைத்தது. பழுது பிறகு எப்போதாவது சரியாகும்.

"கிட்டிப் போயி, ஸ்வாமி," என்றார் சேட்டு. "இதில ரெண்டு கிராபிக்ஸ் உண்டு. ஒண்ணு கூடப் பொறந்தது. மத்தது பின்னே கேம் விளையாடறதுக்கு வெச்சது. ஸ்வாமி கேம் விளையாடுமோ?"

"நான் ஏலக்காய் வியாபாரமாக்கும் பண்ணறேன்."

"அதானு. ரெண்டுக்கும் ஜோலி ஒண்ணுதான். நீ காட்டு, நீ காட்டுன்னு ரெண்டும் பரஸ்பரம் மரியாதை பண்ணிண்டு நிக்கறது."

ஒரே சத்யை விருந்துக்கு இரண்டு தலைமைச் சமையல்காரர்களைக் கூப்பிட்டால் பருப்பு எப்போது இலைக்கு வரும் என்று வெங்கிட்டுவுக்குத் தெரியும். விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. சேட்டு ஒரு பென்டிரைவைச் செருகி, வேறு ஏதோ லாப்டாப்புக்கு வந்த டிரைவரை இதில் ஏற்றினார். திரை நிறைய எழுத்து சின்னதாகி ஒழுங்கானது. ஆனால் எல்லாம் பச்சை. ஜன்னல் பச்சை, எழுத்து பச்சை, டெஸ்க்டாப்பில் இருந்த விசாலாக்ஷியின் படமும் பச்சை. திறக்கும் நேரமும் முன்பைவிடக் கூடியிருந்தது.

"பச்சை கண்ணுக்கு நல்லதாக்கும்," என்றார் சேட்டு. வெங்கிட்டுவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படண்டா ஸ்வாமி. ஷரியான டிரைவரை நான் தேடி எடுக்கறேன். கடையிலிருந்தே நெட் வழியா உள்ளே வந்து போட்டுத் தராம். அதுக்கு வழி பண்ணி வெச்சிருக்கேன். வீட்டில போயி மெஷினை ஆஃப் மட்டும் ஆக்கண்டா," என்றார்.

வெங்கிட்டு லாப்டாப்பைத் திறந்த கோலத்திலேயே, தூங்குகிற குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதை மேஜைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். வந்து பார்த்தால் மேஜைமேல் லாப்டாப் இல்லை.

"விசாலம், என் லாப்டாப் எங்கே?"

"பூஜைக்கு வெச்சாச்சு."

வெங்கிட்டுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று துர்காஷ்டமி. பூஜை வைக்கிற நாள். சாயங்காலம் புஸ்தகங்களையும் தொழில் செய்யும் கருவிகளையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. நவமி பூராவும் படிப்பு கிடையாது, எழுத்து கிடையாது.

"அது இன்னும் சரியாகல்லை. அதை எடு."

"வெச்சதை எடுக்கறதா? நன்னாருக்கே. உங்களுக்குச் சோறு போடற கருவியோன்னோ? அதுக்குச் சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சாச்சு. இனி தசமி காலம்பரதான்."

"மூடிட்டியா? ஆஃப் பண்ணிட்டியா?" என்று பதறினார்.

"இல்லை. நீங்கதான் அதைத் திறந்து பிடிச்சுண்டே ஊர்வலமா வந்தேளே. அப்படியேதான் வெச்சிருக்கேன். சார்ஜரும் சொருகியாச்சு."

வெங்கிட்டு பூஜை அறை வாசலுக்கு ஓடினார். பஜாரெல்லாம் சுற்றிவிட்டுக் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்று விசாலாக்ஷி கையை நீட்டி மறித்தாள். எட்டிப் பார்த்தார். சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், சுவரோடு சாத்தி, பட்டுத் துணி சார்த்தி, செத்திப்பூ மாலைக்கு நடுவே லாப்டாப் திரை பச்சையாக ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. திரையைத் தவிர மற்றதெல்லாம் பட்டுக்குள் மறைந்திருந்தது.

அவர் வாசலில் நின்றபடியே சேட்டுக்குப் போன் செய்தார்.

"மெஷினை யாரும் தொடப்படாதாம்."

"ஞான் தொடலையே ஸ்வாமி. ஞான் பஜாரில் இருக்கேன்."

விசாலாக்ஷி இதை யோசித்துப் பார்த்தாள். தொடக்கூடாது என்றுதான் விதி. பஜாரிலிருந்து ஒருத்தர் தொடாமல் ரிப்பேர் செய்வதைப் பற்றி அவள் அம்மா எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் தடுக்கவில்லை.

திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. பெட்டிகள் திறந்தன, மூடின. சுண்டல் வாங்கிப்போக வந்த பக்கத்து வீட்டு ஸுப்ரியா அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"மாமி, யாரும் தொடாமலே ஓடறதே."

"இன்னிக்கு அஷ்டமியோன்னோ," என்றாள் விசாலாக்ஷி. அவள் பொய் சொல்லவில்லை. மீதியை ஸுப்ரியா தானே சேர்த்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் தெருவில் பாதிப் பேர் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுண்டல் தீர்ந்துபோனது. அவர்கள் நடுவே காதில் போனோடு நின்ற வெங்கிட்டு, "பச்சை போயிடுத்து சேட்டு," என்று அறிவித்தபோது இரண்டு பேர் அவரையும் சேர்த்துக் கும்பிட்டார்கள்.

"ஸ்வாமி, ரெண்டு கிராபிக்ஸில் ஒண்ணை வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஷரியான டிரைவரும் போட்டாச்சு. இப்போ நிறுத்தித் திறக்கப் போறேன். பாத்துக்கோ."

திரை கறுத்தது. வெங்கிட்டு பழக்க தோஷத்தில் காப்பிக்குத் திரும்பினார். திரும்புவதற்குள் படம் வந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. விசாலாக்ஷி பக்கத்தில் இருந்ததால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"படம் நேரா உண்டோ?" என்று சேட்டு கேட்டார்.

வெங்கிட்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இல்லையே. தலைகீழா இருக்கு. எழுத்தெல்லாம் காலைத் தூக்கிண்டு நிக்கறது."

"இங்கே எனக்கு நேராவாக்கும் காணறது."

"இங்கே தலைகீழாக்கும். உம்ம டிரைவர் பச்சையை விட்டுட்டு இதைப் பிடிச்சுண்டுடுத்து."

"ஆகட்டே. திருப்பித் தரேன். இப்போ?"

"இப்போ நேரா இருக்கு."

"இப்போ எனக்குத் தலைகீழு."

"உமக்கு எப்படி இருந்தா என்ன? மெஷின் என்னோடதாக்கும்."

மாற்ற முடியாதபடி சேட்டு அந்த அமைப்பை நன்றாகப் பூட்டிக் கொடுத்துவிட்டு, மெஷினையும் அங்கிருந்தே ஆஃப் செய்தார்.

நவமி பூராவும் வெங்கிட்டு நிம்மதியாகத் தூங்கினார். விஜயதசமி காலையில் குளித்து, புது வேஷ்டி கட்டி, பூஜை அறையில் ஆஜரானார். விசாலாக்ஷி கற்பூரம் காட்டி, பூஜை எடுத்து, லாப்டாப்பை மாலையோடு அவர் கையில் கொடுத்தாள். ஒன்பதுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

"முதல்ல வித்யாரம்பத்துக்கு ஹரிஸ்ரீ எழுதணும். அப்பறம்தான் மீட்டிங்."

வெங்கிட்டு மேஜையில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் லாப்டாப் திறந்தது. தலைகீழாகத் திறந்தது.

ஹரிஸ்ரீ என்று அடித்தார். ஹரியும் ஸ்ரீயும் காலை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஐயையோ, இதென்ன அபசகுனம்," என்றாள் விசாலாக்ஷி.

சேட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சேட்டு கும்பளங்கியில் ஒரு நிக்காஹ் விருந்தில் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் யார் போனையும் எடுப்பதில்லை.

"பூஜையிலே நேராத்தானே இருந்தது?" என்று விசாலாக்ஷி கேட்டாள்.

"இருந்தது."

"அப்போ பூஜையிலே இருந்த மாதிரியே வெச்சுக்கோங்கோ."

"பூஜையிலே எப்படி இருந்தது?"

"கீபோர்டு மேலே, திரை கீழே. பிளக்கு மேலேயோன்னோ இருக்கு? உங்க சார்ஜர் ஒயர் எட்டல்லை. அதான் திருப்பிச் சாத்தினேன்."

வெங்கிட்டு அவளைப் பார்த்தார். அவருக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. சொல்ல நேரம் இல்லை. மல்லாக்க முழுசாகத் திறக்கும் வகை லாப்டாப் அது. விரித்து, கவிழ்த்துத் திருப்பி, மேஜையைச் சுவரோரம் இழுத்து, சாத்தி நிறுத்தினார். கீபோர்டு மேலே, திரை கீழே. படம் நேரானது. மீட்டிங்குக்குள் நுழைந்தார். அங்கே ஒருவருமே இல்லை. முதல் ஆளாக வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்புறம்தான் மூலையில் தன் முகத்தைப் பார்த்தார். காமிராவும் திரையோடு சேர்ந்து கவிழ்ந்திருந்தது. திரைக்குள்ளே வெங்கிட்டு வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார். மூக்குத் துவாரம் தெளிவாகத் தெரிந்தது.

ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

"வெங்கிட்டு சாரா?" என்றாள் ரோஜா. "சார், நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்க?"

அவர் தொங்குவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது வெங்கிட்டுவுக்குத் தைரியம் தந்தது. ஓட்டுக் கேட்க இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். இத்தனை நாள் என் லாப்டாப்பாலே நேரத்துக்கு வர முடியல்லை. அது இப்போ முழுக்கச் சரியாயிடுத்து. அமுக்கினா வரது. நான் பொறுப்புக்கு வந்தா ஒன்பது மணிகூட லேட்டுன்னு நினைக்கறேன். எட்டரைக்கே மீட்டிங் ஆரம்பிச்சுடலாம். ஒரு நிமிஷம்கூடப் பிந்தாது. அதுக்கு நான் கேரண்டி."

பாண்டித்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றவர்கள் குனிந்து போனில் அவசரமாக எதையோ அடித்துக்கொண்டார்கள். தன் பேச்சு அவர்களை அவ்வளவு யோசிக்க வைத்துவிட்டதே என்று வெங்கிட்டுவுக்குப் பெருமையாக இருந்தது.

சரியாக ஒன்பதுக்கு ஒச்சப்பன் வந்தார். சற்று நேரம் திரையை உற்றுப் பார்த்தார்.

"யாருய்யா அது தொங்குறது?"

"வெங்கிட்டு சார்ங்க," என்றார் பாண்டித்துரை.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லை சார். கிராபிக்ஸ் டிரைவர் கொஞ்சம்..." என்று வெங்கிட்டு ஆரம்பித்தார்.

"சரி, சரி. நல்ல நாளு அதுவுமா டிரைவரைப் பத்தியெல்லாம் பேசவேணாம். வண்டி விஷயத்தை அப்புறம் பார்ப்போம். வெங்கிட்டு மேனேஜரா வரட்டும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. வெங்கிட்டு கூச்சத்தை விட்டுத் தன் கையைத் தானே உயரத் தூக்கினார். தலைகீழ்ப் படத்தில் அந்தக் கை விறுவிறுவென்று கீழே போய் மறைந்தது.

ஒச்சப்பன் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா, அவரே தனக்குத் தூக்கல. தூக்கப் போன கையையும் இறக்கிட்டாரு. அதுக்குப் பேருதான்யா பெரிய மனசு. சரி, பாண்டித்துரைக்கு?"

எல்லாக் கைகளும் எழுந்தன. பாண்டித்துரை மட்டும் கல்யாண வீட்டில் தவறான பந்தியில் உட்கார வைக்கப்பட்டவர்போல் முழித்தார். யாரோ கை தட்டினார்கள். வெங்கிட்டுவும் தட்டினார். அவருக்கு அழுகை வந்தது. தொங்கும் படத்தில் அது மேல்நோக்கி வழியும் என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டார்.

மீட்டிங் முடிந்ததும் லாப்டாப்பை அணைத்தார். அதுவும் ஒரு நொடியில் அணைந்தது. விசாலாக்ஷி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். சார்ஜர் ஒயரை அவளே எடுத்துச் சுருட்டி, அலமாரிக்குப் பின்னால் ஒளித்தும் வைத்தாள்.

போன் அடித்தது. ரோஜா.

"சார், வருத்தமா?"

"வருத்தம் என்ன வேண்டிக்கெடக்கு? வௌவால் மாதிரி தொங்கிண்டு வந்தா யாரும்மா ஓட்டுப் போடுவா? எல்லாம் அந்தச் சேட்டாலே வந்தது."

"அதையெல்லாம் யாரும் பெருசா எடுத்துக்கல சார். இன்னைக்கு நீங்க பேசுற வரைக்கும் எல்லாரும் உங்களுக்குத்தான் கை தூக்குறதா இருந்தோம். பாண்டித்துரை அண்ணனே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு உங்களுக்குத்தான் தூக்கணும்னு சொல்லியிருந்தாரு."

வெங்கிட்டு காப்பியைக் கீழே வைத்தார். "பின்னே ஏம்மா மாறிட்டேள்?"

"நீங்க மேனேஜர் ஆனா உங்க லாப்டாப் திறக்குற வரைக்கும் மீட்டிங் ஆரம்பிக்காது, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நிதானமா வரலாம்னு எல்லாரும் அதைத்தான் சார் நம்பியிருந்தோம், அதைப் போய் சரி பண்ணிட்டீங்களே."